இடப்பக்க விசை

ஏப்ரல் 9, புதன்

தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று இன்பராஜ் சொல்லியிருக்கிறார். அவர் பிசியோதெரபிஸ்ட். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்து என் கையையும் காலையும் தூக்கித் தூக்கி இறக்குகிறார். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமாக வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு இப்போது வீட்டுப்பாடம்.

பெயர் செண்பகவடிவு. வயது நாற்பத்தேழு. கோவில்பட்டியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மார்ச் மாதம், கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டேன். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைப்பு. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இடது கை இன்னும் எழும்பவில்லை. இடது காலை இழுத்து இழுத்து, கம்பு ஊன்றி, கூடம் வரை நடக்கிறேன். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் வகுப்பில் நிற்க வேண்டும். அதற்கு வேண்டியதை இப்போதே தொடங்கிவிட்டேன்.

நோட்டின் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருப்பதாக இன்பராஜ் சொல்கிறார். நான் எந்த டேப்பையும் பார்க்கவில்லை. நோட்டும் குறுகலான நோட்டு. ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்பராஜ் இன்று பெரிய விளக்கம் கொடுத்தார்.

"டீச்சர், உங்க கண்ணு நல்லாருக்கு. கண்ணாடிகூட மாத்த வேண்டாம். ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னே மூளை மறந்துட்டுது. அங்க இருக்கற ஆளு, சாமான், எழுத்து எதுவும் உங்களுக்குக் கணக்குல வராது."

"மறந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அதுதான் டீச்சர் இதுல உள்ள கஷ்டமே. தெரியாது."

இடக்கை எது வலக்கை எது என்று கேட்டார். இரண்டையும் சரியாகச் சொன்னேன். அப்புறம் என்ன? மோவாய் இடது தோளில் முட்டும்வரை தலையைத் திருப்பிப் பழகச் சொன்னார். திருப்பினேன் என்றுதான் நினைக்கிறேன். "இன்னும்" என்றார். "இன்னும், இன்னும்" என்றார். எரிச்சலாக வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிளஸ் ஒன் இயற்பியல் கணக்குப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். இயக்க விதிகள் பாடம். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கணக்குகள்தாம். பழக்கம் விடக்கூடாது என்று.

முதல் கணக்கு: தரையில் ஐந்து கிலோ கட்டை. வலப்புறமாக 30 நியூட்டன் விசை இழுக்கிறது. முடுக்கம் என்ன? விசையை நிறையால் வகுத்தால் 6. பின்பக்கத்தில் விடை 4 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை. ஓரத்தில் குறித்து வைத்தேன்.

இரண்டாவது கணக்கிலும் பிழை. மூன்றாவது கணக்கின் வாக்கியமே பாதியிலிருந்து தொடங்குகிறது. இப்படிப்பட்ட புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அதுகள் எப்படித் தேறும்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. என் நாத்தனார் கோமதி சமைத்தாள். எனக்காகவே கடம்பூரிலிருந்து வந்து ஒரு மாதமாக இங்கே இருக்கிறாள். நல்ல நாளும் அதுவுமாக எனக்குச் சோறும் அப்பளமும் மட்டும் வைத்திருந்தாள். கேட்கவும் மனம் வரவில்லை. முடித்துவிட்டுக் கையை எடுத்தேன்.

"ஏன் மதினி, அவியலும் பச்சடியும் அப்படியே இருக்கு? மாங்காப் பச்சடின்னா உயிர விடுவீகளே" என்றாள்.

"நீ எங்க வச்ச?"

என் கணவர் கை நீட்டித் தட்டைத் திருப்பியதுபோல இருந்தது. அவியலும் பச்சடியும் வந்துவிட்டன. இரண்டாம் முறை பரிமாறுவதற்கு இவ்வளவு யோசனையா?

ஏப்ரல் 18, வெள்ளி

கப்பிக் கணக்கு. கப்பிமேல் ஒரு கயிறு. வலப்பக்க முனையில் இரண்டு கிலோ எடை தொங்குகிறது. படத்தில் அவ்வளவுதான். வேறு எடை இல்லையென்றால் அது சும்மா விழ வேண்டியதுதான், முடுக்கம் 10. புத்தகத்தில், எடை 2 முடுக்கத்தோடு மேலே போகிறதாம். மேலே! எது அதை மேலே தூக்குகிறது என்று கேட்கத் தோன்றாதா புத்தகம் போட்டவருக்கு?

இன்பராஜிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் விரலைப் பிடித்து, தாளின் மேல் இழுத்துக்கொண்டே போனார். எங்கோ கொண்டுபோய் வைத்து, "இங்க என்ன இருக்கு டீச்சர்?" என்றார். மூன்று கிலோ என்று எழுதிய ஓர் எடை. முதலில் அது இல்லை. நான் சத்தியமாகச் சொல்வேன், அது இல்லை. அவர் போனபிறகு மறுபடி பார்த்தேன். இல்லை.

இந்த ஆள் தாளை மாற்றி வைத்து விளையாடுகிறார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கதவு நிலையில் தோள் இடித்துவிட்டது. நேற்றும் இடித்தது. கன்றிப்போயிருக்கிறது என்கிறாள் கோமதி.

ஏப்ரல் 27, ஞாயிறு

என் கணவரைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆவுடையப்பன் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார். எனக்காக என்றுதான் பேர். காலையில் குளிப்பாட்ட, நடக்க வைக்க வருகிறார். அப்புறம் ஆளைக் காண்பதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபது வருஷமாக, சாப்பிட்டதும் பத்து நிமிஷமாவது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். டெப்போவில் யார் யாரோடு சண்டை, எந்த வண்டி எங்கே நின்றது. இப்போது மதியம் முழுக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று கோமதியிடம் கேட்டேவிட்டேன். "ஒங்க அண்ணன் எங்க போறாக மத்தியானத்துல?"

"எங்கயும் போகலையே மதினி. ஒங்க பக்கத்துலதான உக்காந்திருக்காக."

அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள். தங்கச்சி அல்லவா?

மே 2, வெள்ளி

தலைமையாசிரியை வந்திருந்தார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும். "ஒங்க எடத்துல ஒரு பொண்ணப் போட்டிருக்கோம், தற்காலிகமா. பாவம், பிள்ளைகளுக்குப் புரியல" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

ஜூனில் வந்துவிடுவேன் என்றேன். டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கவேண்டுமே என்றார். டாக்டர் கொடுப்பார், உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்தலாம், மூளைக்கு ஒன்றும் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தயங்கினார். இயற்பியலில் தவறிய பிள்ளைகளுக்குத் துணைத்தேர்வு வகுப்பு நடக்கிறதாம். புதன்கிழமை ஒரு மணி நேரம் வந்து எடுத்துப் பாருங்கள் என்றார்.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? எடுக்குறேன்" என்றேன்.

என் கணவர் அறைக்குள்தான் இருந்திருக்கிறார். "வேண்டாம் வடிவு, இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்" என்று அவர் குரல் கேட்டது.

மே 7, புதன்

வகுப்பு நன்றாகப் போனது. விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டோவில் என் கணவர் கூட்டிப்போனார். தலைமையாசிரியையும் அவரும் பின்னால் நின்றார்கள். நான் மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு கம்பை ஊன்றி எழுந்து நின்று நடத்தினேன். பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். கோடை விடுமுறையில் வேறெப்படி வருவார்கள்? வந்த பிள்ளைகள் நன்றாகக் கவனித்தார்கள். ஏதோ சின்னப் பலகை உள்ள அறையைக் கொடுத்துவிட்டார்கள். எழுதியதன் மேலேயே எழுத வேண்டியதாயிற்று. கட்டையை இழுக்கும் கணக்கைப் போட்டு, முடுக்கம் 6 என்று விடை எழுதினேன். "புத்தகத்துல நாலுன்னு தப்பா இருக்கும், திருத்திக்கோங்க" என்றேன். யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு. வெளியே வராந்தாவில் யாரோ ஒரு பெண் "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாடம் நடக்கும்போது இதென்ன பழக்கம்? கதவைச் சாத்தச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

முடிந்ததும் தலைமையாசிரியை என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப அலைஞ்சிட்டீங்க, போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். ஜூன் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, தெரிந்ததுதானே.



மே 8, வியாழன்

காலையிலிருந்து ஜூன் மாதத்துக்கு என்னென்ன சேலை வெளுக்கப் போட வேண்டும் என்று கோமதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் திடீரென்று வந்து முன்னால் நின்றார்.

"வடிவு, நேத்து வகுப்புல எத்தன பிள்ளைக இருந்துச்சு?"

"பதினஞ்சு இருக்கும்."

"முப்பதுக்கு மேல. ரெண்டு பக்கமும் நெறைய உக்காந்திருந்துச்சு. நீ ஒரு பக்கத்த ஏறிட்டே பாக்கல."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"பலகையில ஓரத்துலயே எழுதுன. மீதிப் பலகை காலியா கெடந்துச்சு. ஒரு பிள்ள எந்திரிச்சு நின்னு கைய ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுது. கடைசில அழுதுட்டே உக்காந்துட்டு. நீ கதவச் சாத்தச் சொன்ன."

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். எழுதி வைக்கத்தான் வேண்டும்: "நான் வீட்டுல முடங்கிக் கெடந்தா ஒங்களுக்குச் சந்தோஷம். நான் வாத்திச்சி, நீங்க டைம்கீப்பர்ங்கறது இத்தன வருஷமா ஒறுத்திக்கிட்டு இருந்திருக்கு" என்றேன்.

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அல்லது போய்விட்டார் என்று நினைத்தேன்.

மே 9, வெள்ளி

இன்பராஜ் வந்தார். ஒத்துழைக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

மே 12, திங்கள்

கோமதி ஊருக்குப் போனாள். அவள் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. போகும்போது என் தலையை வாரி, பூ வைத்துவிட்டு, "அண்ணனப் பாத்துக்கோங்க மதினி" என்றாள். நோயாளி நான். அவரை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இவர் சமைக்கிறார். ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை. நாங்கள் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

கணக்குப் போட்டேன். ஆறில் ஆறும் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு புத்தகத்தில் இத்தனை பிழை இருக்குமா என்று முதல் தடவையாகத் தோன்றியது. மூடி வைத்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் கரண்ட் போய்விட்டது. கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். காலில் ஒரு போர்வை. வெக்கை தாங்கவில்லை, எடுத்துவிடலாம் என்று வலது கையால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கட்டில் சட்டத்தில் மாட்டியிருக்கும் என்று இன்னும் பலமாக இழுத்தேன். கொஞ்சம் வந்து நின்றது. கை வலித்ததால் பிடியைத் தளர்த்தினேன். போர்வை என் விரலுக்குள்ளேயே அந்தப் பக்கமாக நகர்ந்தது.

சட்டத்தில் மாட்டிய துணி தடுக்கும். பதிலுக்கு இழுக்காது.

மறுபடி பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நான் இழுக்கிறேன், அது நிற்கிறது. நான் பார்க்கிற மட்டும் அந்தப் போர்வையின் மேல் ஒரே ஒரு விசை, என் கை. ஒரு விசை மட்டும் இருந்தால் முடுக்கம் இருந்தே ஆக வேண்டும். முடுக்கம் இல்லை. எத்தனை வகுப்பில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்! "கண்ணுக்குத் தெரியலங்கறதுக்காக விசை இல்லன்னு எழுதாதீங்க. மொதல்ல பொருள் என்ன செய்யுதுன்னு பாருங்க." பொருள் அசையாமல் நின்றது. அப்படியென்றால் இன்னொரு விசை உண்டு. எனக்குச் சமமாக, எனக்கு எதிராக. இடப்பக்கத்தில்.

இன்பராஜ் சொன்னார், கோமதி சொன்னாள், இவர் சொன்னார். மனிதர்கள் சொன்னதை எல்லாம் நான் தள்ளிவிட்டேன். இதை எப்படித் தள்ளுவது?

"யாரு அங்க?" என்றேன்.

"நான்தான்."

அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பினேன். அலமாரி வரை வந்ததும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அறை அங்கேயே முடிந்துவிட்டது. முடிந்த இடத்துக்கு அப்பால் திருப்பினேன். ஜன்னல் வந்தது. இந்த அறையில் ஜன்னல் இருப்பதே எனக்கு நினைவில்லை. மோவாய் தோளில் முட்டியது. ஒரு நாற்காலி, ஒரு முழங்கால், போர்வையின் நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்த கை. அப்புறம் அவர் முகம்.

இரண்டு மாதமாக நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தாடி வளர்ந்து வெளுத்துக் கிடந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணும் மூக்கும் சிவந்து, முகம் முழுவதும் ஈரம். போர்வை நுனியால் வாயைப் பொத்தியிருந்திருக்கிறார். நான் இழுத்ததை அவர் விடவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"சாப்பிட்ட ஒடனே வந்துட்டேன்."

"ஏன் பேசல?"

"பேசுனா நீ அந்தப் பக்கம்லா தேடுத. ஆளக் காணும்னு கோவப்படுத."

"அப்ப எம் முன்னால வந்து உக்கார வேண்டியதுதான?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "தெருவுல போனா எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேக்காங்க. டெப்போக்காரங்க போன் பண்ணுதாங்க. எல்லார்ட்டயும் நல்லாருக்கு, தேறிட்டுன்னு சொல்லணும். கோமதி முன்னால அழுதா அவளும் அழுவா. இந்த ஒரு எடத்துலதான் உக்காந்தா யாருக்கும் தெரியாது. ஒனக்கும் தெரியாது."

"தெனமுமா?"

இரண்டு பேரும் போர்வையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தோம். என் கழுத்து நடுங்க ஆரம்பித்தது.

"விடுங்க, வெக்கையா இருக்கு" என்றேன். விட்டார்.

மே 17, சனி

போன வாரம் வியாழக்கிழமை சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "எந்த வார்த்த?" என்றார். "டைம்கீப்பர்தான நானு" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போனார். அவர் மறந்ததுபோல நடிப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்பராஜுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 19, திங்கள்

சிவப்பு டேப் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் இன்பராஜ் ஒட்டிவைத்திருக்கிறார். வரி முடிந்ததும் விரலை வைத்துக்கொண்டு, டேப் தட்டுப்படும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். தட்டுப்பட்ட பிறகுதான் அடுத்த வரி.

முதல் கணக்கில், கட்டையின் இடப்பக்கம் ஓர் அம்புக்குறி இருக்கிறது. உராய்வு 10 நியூட்டன். முப்பதில் பத்து போக இருபது. ஐந்தால் வகுத்தால் 4. கப்பியின் இடப்பக்கம் மூன்று கிலோ தொங்குகிறது. அதனால்தான் மற்றது மேலே போகிறது. புத்தகத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஓரத்தில் நான் எழுதிய "அச்சுப்பிழை", "அச்சுப்பிழை" என்பதை எல்லாம் ரப்பரால் அழித்தேன். ஒரு கையால் அழித்தால் தாள் நகர்கிறது. இவர் பிடித்துக்கொண்டார்.

இரண்டே கணக்குதான் போட முடிந்தது. அதற்குள் கண் இருட்டிவிட்டது. திருப்ப மறந்தால் மறுபடி இல்லாமல் போய்விடுகிறது. இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் தெரியத் தொடங்கிவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

"எப்பச் சரியாகும்?" என்று இன்பராஜிடம் கேட்டேன்.

"கொறையும் டீச்சர். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

"ஜூனுக்குள்ள?"

அவர் என் இடது கையை எடுத்து மடியில் வைத்து நீவிவிட ஆரம்பித்தார்.

மே 23, வெள்ளி

பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன். சொல்வதை நேரில் சொல்லிவிட வேண்டும் என்று.

தலைமையாசிரியை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஜூன்ல நான் வரல மேடம். லீவ நீட்டிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துடுறேன். அதுக்குள்ள சரியாகலன்னா வேலைய விட்டுருறேன்" என்றேன்.

"ஒங்களுக்கு ஏன் இந்த அவசரம்? உக்காந்துக்கிட்டே எடுக்கலாம்னு நீங்கதான..."

"எடப்பக்கம் உக்கார்ற பிள்ளைக என்ன பாவம் செஞ்சுது?"

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அவர் முகத்தில் பெரிய நிம்மதி வந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது துணைத்தேர்வு வகுப்பு விட்டிருந்தது. இவர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். நான்தான் கேட்டிருந்தேன். பெயர் பேச்சியம்மாள். ஒல்லியான பெண், என்னைப் பார்த்துப் பயந்துபோய் நின்றாள்.

"அன்னைக்குக் கூப்பிட்டது நீயா?"

"ஆமா மிஸ்."

"நீ கூப்பிட்டது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா பதில் சொல்லியிருப்பேன். என் மூளையில ஒரு பக்கம் வேலை செய்யல. ஒன்மேல கோவம் இல்ல. என்ன கேக்க வந்த?"

அவள் இவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கட்ட நகருறப்ப உராய்வு எவ்வளவுன்னு குடுத்துருக்காங்க மிஸ். நகராம இருக்கறப்ப எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றாள்.

நல்ல சந்தேகம். வகுப்புக்கு ஒருத்திதான் இதைக் கேட்பாள்.

"நீ எவ்வளவு இழுக்கிறியோ அவ்வளவு. நீ அஞ்சு இழுத்தா அது அஞ்சு. நீ எட்டு இழுத்தா அது எட்டு. ஒரு எல்லை வரைக்கும் தாக்குப்பிடிக்கும்."

"எல்லை தாண்டினா?"

"விட்டுரும். நகர்ந்துரும்."

அவள் தலையாட்டினாள். புரிந்த முகம் எனக்குத் தெரியும். "புதுசா வந்திருக்கற மிஸ்கிட்டயும் இப்படி எந்திரிச்சு நின்னு கேளு" என்றேன். ஆட்டோவில் ஏறிய பிறகு அழுதேன். இவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை.

மே 28, புதன்

காய்ச்சல். எழுதவில்லை. கணக்கும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. காலையில் தெருவில் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு சத்தம் இல்லை.

இவருக்கும் இன்றிலிருந்து வேலை, மத்தியான ஷிப்ட். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறார். தாடியை எடுத்துவிட்டார். காலையில் டிபன் முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வலப்பக்கம் வந்தார்.

"இனி இங்கயே உக்காருதேன். ஒனக்குத் தலையத் திருப்புற செரமம் வேண்டாம்."

"வேண்டாம். பழைய எடத்துலயே போடுங்க."

"ஏன்?"

"நீங்க அங்க இருந்தாத்தான் நான் திரும்பிப் பாக்கணும்னு இருப்பேன். இங்க வந்துட்டீங்கன்னா அந்தப் பக்கத்துல எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் யோசித்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலிக் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"அழணும்னாலும் அங்க உக்காந்து அழுங்க. நான் பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்துக்கிடுதேன்."

"போடி" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

பிறகு பேசிக்கொண்டிருந்தோம். பழையபடி இல்லை என்றாலும், பேசினோம். புது ஷிப்டில் யார் யார் இருப்பார்கள் என்று சொன்னார். காய்ச்சலில் வாய் கசக்கிறது, இரவுக்குப் புளிக்குழம்பு வைத்தால் தேவலை என்றேன். இடது கால் விரலில் நேற்று ஏதோ குறுகுறுத்தது, இன்பராஜிடம் சொல்ல வேண்டும் என்றேன். வேலையை விட நேர்ந்தால் பகல் முழுக்க என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் பதில் சொல்லவில்லை. அழுகிறார் போலிருக்கிறது என்று, கொடுத்த வாக்குப்படி, கொஞ்ச நேரம் திரும்பாமல் இருந்தேன்.

பிறகு திருப்பினேன். அலமாரி. அறை முடிகிற இடம். அதற்கு அப்பால் ஜன்னல். தோளில் மோவாய் முட்டியது.

நாற்காலி காலியாக இருந்தது.

எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியவில்லை. டிபன் பாத்திரத்தைக் கழுவப் போயிருக்கலாம். வேலைக்குப் போகிற அவசரம். எதுவரை கேட்டுவிட்டுப் போனார் என்றும் தெரியவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கழுத்து வலித்தது. ஆனால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் நாற்காலியே இல்லாமல் போய்விடும். அவர் வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. அதனால் தலையை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் வரும்வரை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.